ஜப்பான் வீடியோ கேமைத் தடை செய்யவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளையும் வீடியோ கேமையும் பற்றிப் போன வாரம் உங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையை ஊரிலிருந்து அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள், கூடவே "உங்க ஊர்லயே தடை போட்டுட்டாங்களாமே" என்று ஒரு வரி. கட்டுரையில் இருக்கும் கவலை எனக்கும் உண்டு, பத்து வயதுப் பையனை வளர்க்கிறேன், அதில் சண்டை இல்லை. ஆனால் வாதம் முழுவதும் "வீடியோ கேமைப் பெற்றெடுத்த ஜப்பானே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் என்று சட்டம் போட்டுவிட்டது, நாம் எப்போது விழிப்போம்" என்ற ஒரே தூணில் நிற்கிறது. அந்தத் தூணே அங்கே இல்லை. டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் நிறைய, எங்களுடையதும் அதில் ஒன்று. இந்தக் கட்டுரை இங்கேயும் கைக்குக் கை மாறிக்கொண்டிருப்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வீடியோ கேம் பிறந்தது அமெரிக்காவில், அது கிடக்கட்டும். அந்தச் சட்டத்தைப் போட்டது ஜப்பான் அரசு இல்லை. 47 மாகாணங்களில் பரப்பளவில் ஆகச் சிறியதான ககாவா, ஷிகோகு தீவில் இருப்பது, அதன் மாகாணச் சபை 2020 மார்ச்சில் நிறைவேற்றி ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்குக் கொண்டுவந்த உள்ளூர்ச் சட்டம் அது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பள்ளி நாளில் 60 நிமிடம், விடுமுறை நாளில் 90 நிமிடம், அப்புறம் நடுநிலைப்பள்ளி வரைக்கும் உள்ள பிள்ளைகள் இரவு 9 மணியோடு ஸ்மார்ட்போனை வைத்துவிட வேண்டும், அதற்கு மேல் உள்ளவர்கள் 10 மணியோடு. இதையெல்லாம் ஒரு வழிகாட்டும் அளவாக வைத்துப் பெற்றோர் பார்த்துக்கொள்ள முயல வேண்டும் என்கிறது. முயல வேண்டும், அவ்வளவுதான். மீறினால் அபராதம் கிடையாது, போலீஸ் கிடையாது, யாரும் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டப் போவதில்லை.

அதையும் ககாவா மக்கள் சும்மா விடவில்லை. சட்டத்துக்கு முன் பொதுமக்களிடம் கேட்ட கருத்துகளில் ஆதரவாக வந்தவற்றில் ஒரே மாதிரி வாசகங்கள் திரும்பத் திரும்ப இருந்தது பெரிய சர்ச்சையானது. உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒருவர் தன் அம்மாவோடு சேர்ந்து, இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தகாமாட்சு மாவட்ட நீதிமன்றத்துக்கே போனார். 2022 ஆகஸ்டில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது, சட்டம் செல்லும் என்றார்கள். ஆனால் செல்லும் என்பதற்கு நீதிமன்றம் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: இது வெறுமனே முயற்சி செய்யச் சொல்கிறது, யாருடைய உரிமையையும் கட்டுப்படுத்தவில்லை என்பதுதான். அதாவது கட்டுப்பாடு இல்லாததால்தான் கட்டுப்பாட்டுச் சட்டம் பிழைத்தது. இதை "ஜப்பானின் தடை" என்று எழுதினால் எப்படி?

இன்னொரு விஷயம், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ககாவாவின் பெருமை உடோன் என்கிற தடித்த கோதுமை நூடுல்ஸ், மாகாணமே தன்னை உடோன் மாகாணம் என்று விளம்பரப்படுத்திக்கொள்ளும். அந்த விளம்பரத்துக்கு 2018ல் அதிகாரபூர்வமாக நியமித்த தூதர் யார் தெரியுமா? யாடோன். போக்கிமான் விளையாட்டில் வரும், எப்போதும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் அந்த இளஞ்சிவப்புச் சோம்பேறிப் பிராணி. பெயர் உடோன் மாதிரி ஒலிக்கிறது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. அங்கே தெருவில் சாக்கடை மூடியிலும் யாடோன் படம்தான். 60 நிமிடத்துக்கு மேல் விளையாடாதே என்று சொன்ன மாகாணத்தின் முகமே ஒரு வீடியோ கேம் பாத்திரம். இது ககாவாவில் மட்டும் இல்லை. மியாகிக்கு லாப்ராஸ், ஃபுகுஷிமாவுக்கு சான்சி என்று பல மாகாணங்கள் ஆளுக்கொரு போக்கிமானைத் தத்தெடுத்திருக்கின்றன. இரண்டும் 2011 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் நொறுங்கிய பகுதிகள். ஃபுகுஷிமாவில் சான்சி பெயரில் குழந்தைகளுக்குப் பூங்காக்கள் கட்டியிருக்கிறார்கள்.

உங்கள் கட்டுரையாளர் இந்த 2020ஐ மட்டும் தனியாக வெட்டி எடுத்துக் காட்டுகிறார். அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டாமா? 2019ல் மரியோவை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோவுக்கு ஜப்பான் அரசு பண்பாட்டுச் சாதனையாளர் என்ற விருதைக் கொடுத்தது. எழுத்தாளர்களும் அறிஞர்களும் நாடகக் கலைஞர்களும் வாங்கும் கௌரவம், வீடியோ கேம் செய்தவர் ஒருவர் அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. 2020 ஏப்ரலில் ககாவா சட்டம். அதே 2020 இலையுதிர் காலத்தில், ட்ராகன் க்வெஸ்ட் விளையாட்டுகளுக்கு இசையமைத்த கோய்ச்சி சுகியாமாவுக்கு அதே விருது. (அவருடைய அரசியல் பேச்சுகள் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானவை, எனக்கும் கொஞ்சமும் ஒத்துவராதவை, ஆனால் இசை வேறு.) 2021 ஜூலை 23, ஒலிம்பிக் தொடக்க விழா. கொரோனாவால் பார்வையாளர்களே இல்லாத அரங்கம், நாடுகள் ஒவ்வொன்றாக அணிவகுத்து வருகின்றன, முதல் இசையே ட்ராகன் க்வெஸ்ட். தொடர்ந்து ஃபைனல் ஃபேன்டஸி, மான்ஸ்டர் ஹன்டர், சோனிக் என்று அணிவகுப்பு முழுக்க வீடியோ கேம் இசை. உலகமே பார்க்கும் மேடையில் தன் முகமாக ஜப்பான் எடுத்து வைத்தது இதைத்தான். அதற்கு ஐந்து வருடம் முன்பு ரியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில் பிரதமர் ஷின்சோ அபே மரியோ தொப்பியோடு பச்சைக் குழாயிலிருந்து எழுந்து வந்ததை நம் தொலைக்காட்சிகளும் காட்டினவே.

இந்த நிலைக்கு ஜப்பான் சுலபமாக வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நாற்பது வருடம் வீட்டுக்குள்ளும் வெளியிலும் சண்டை போட்டுத்தான் வந்திருக்கிறது, உண்மையில் கட்டுரையில் இருந்திருக்க வேண்டியது அந்தக் கதைதான்.

1978ல் டைட்டோ நிறுவனத்தில் தொமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற சுடும் கேம் வந்தது. காபிக் கடைகளில் மேஜைக்குள்ளேயே திரையைப் பதித்து வைத்தார்கள். காபி குடிக்க வந்தவர்கள் குனிந்து சுட்டுக்கொண்டே இருந்தார்கள், அது ஒன்றுக்காகவே தனிக் கடைகள் முளைத்தன. நாட்டில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்று இன்றும் எழுதுகிறார்கள், அதற்குச் சான்று கிடையாது, ஆனால் அப்படி ஒரு கதை கிளம்பும் அளவுக்குப் பைத்தியம் இருந்தது நிஜம். உடனே பெற்றோர் சங்கங்கள், ஆசிரியர்கள், போலீஸ் எல்லோரும் கிளம்பினார்கள். பிள்ளை கெட்டுப்போகிறான், காசு திருடுகிறான், படிப்பு போச்சு. இன்றைக்கு நாம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் 1979லேயே ஜப்பானிய மொழியில் சொல்லி முடித்தாகிவிட்டது. 1985ல் திருத்திய கேளிக்கைத் தொழில் சட்டம் நடைமுறைக்கு வந்து, கேம் சென்டர்களை மாஜாங் கிளப், பச்சிங்கோ கடை என்று சூதாட்ட வாடை அடிக்கும் இடங்கள் இருக்கும் அதே பட்டியலில் சேர்த்தது. நள்ளிரவுக்கு மேல் திறக்கக் கூடாது, பிள்ளைகள் இரவில் உள்ளே இருக்கக் கூடாது. இது நிஜமான சட்டம், தண்டனை உள்ள சட்டம், இன்றும் அமலில் இருக்கிறது. கட்டுரையாளருக்கு ஒரு உதாரணம் வேண்டும் என்றால் ககாவாவை விட்டுவிட்டு இதை எடுத்திருக்கலாம்.

கடையில் விளையாடினால்தானே பிரச்சினை என்று யாராவது நினைத்திருந்தால், அதற்குள் ஆட்டம் வீட்டுக்கு வந்துவிட்டது. க்யோட்டோவில் 1889ல் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு தயாரிக்க ஆரம்பித்த நின்டெண்டோ 1983 ஜூலையில் ஃபாமிகாம் என்ற வீட்டு கேம் பெட்டியை 14,800 யெனுக்கு விற்றது. ஜப்பானில் மட்டும் சுமார் 1.9 கோடி விற்றது அந்தப் பெட்டி. நம் ஊரில் 90களில் டிவி கேம் என்று கேசட் போட்டு விளையாடினோமே, தொண்ணூற்றொன்பது கேம் என்று எழுதியிருக்கும், போட்டுப் பார்த்தால் பத்துதான் தேறும், அவற்றில் பெரும்பாலானவை இந்த ஃபாமிகாமின் நகல்கள்தான். கான்ட்ராவும் மரியோவும் தமிழ்நாட்டுக்கு வந்தது அந்தக் கள்ளப் பெட்டியில். யார் செய்தது, எந்த நாடு என்று கூடத் தெரியாமல் விளையாடினோம்.

ஒரு மணி நேரம் என்ற கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டுரையில் அதுதான் பெரிய எழுத்தில் இருந்தது. 80களில் இங்கே பிள்ளைகள் சினிமா நடிகரைப் போலக் கொண்டாடிய ஒருவர் இருந்தார், தகாஹாஷி மெய்ஜின். ஹட்சன் என்ற கேம் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு ஊழியர். ஒரு நொடிக்கு 16 தடவை பொத்தானை அழுத்துவார் என்பதுதான் அவருடைய புகழ். ஊர் ஊராகப் போட்டி நடத்தி, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் முன் நின்று அவர் சொன்ன வாசகம்: "கேம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்." கேம் விற்கிறவர் சொன்னது! அரசு சொல்லவில்லை, சபை தீர்மானம் போடவில்லை. வெளியே போய் விளையாடு, வீட்டுப்பாடம் செய் என்றும் சேர்த்தே சொன்னார். இன்று ஐம்பதைத் தொட்ட ஜப்பானியர்கள் யாரைக் கேட்டாலும் இந்த வரியைச் சிரித்துக்கொண்டே ஒப்பிப்பார்கள். கடைப்பிடித்தார்களா என்றால் அதற்கும் சிரிப்புதான் பதில்.

1988 பிப்ரவரி 10, ஒரு புதன்கிழமை, ட்ராகன் க்வெஸ்ட் மூன்றாம் பாகம் வெளிவந்தது. கடைகளுக்கு முன்னால் விடிவதற்குள் வரிசை. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நின்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் போலீஸ் பிடித்து விசாரித்தது. வாங்கிக்கொண்டு போன பையனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிய சம்பவங்களும் நடந்தன. இதற்கப்புறம் ட்ராகன் க்வெஸ்டை விடுமுறை நாளில்தான் வெளியிட வேண்டும் என்று ஜப்பானில் சட்டமே வந்துவிட்டது என்று இணையம் முழுக்க ஒரு கதை உலவுகிறது. அதுவும் பொய். வார நாளில் வெளியிட்டால் தொல்லை என்று நிறுவனமே நாளை மாற்றிக்கொண்டது. பாருங்கள், ஜப்பான் தடை போட்டது என்ற கதை கிளம்புவது இது முதல் தடவை இல்லை. வெளியில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு ஜப்பான் தேவைப்படுகிறது போலிருக்கிறது.

அந்த ட்ராகன் க்வெஸ்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் வீடியோ கேம் இங்கே ஏன் தனித்தீவாக இல்லை என்பது புரியும். கதை, வடிவமைப்பு யூஜி ஹோரி. பாத்திரங்களை வரைந்தவர் ட்ராகன் பால் காமிக்ஸால் பிள்ளைகளுக்குத் தெய்வமாக இருந்த அகிரா தோரியாமா. இசை சுகியாமா, அவர் ஏற்கெனவே பாப் பாடல்களுக்கும் விளம்பரங்களுக்கும் இசையமைத்துப் பெயர் எடுத்தவர். காமிக்ஸ் படிக்கிறவனும் பாட்டு கேட்கிறவனும் கேம் ஆடுகிறவனும் ஒரே ஆள்தான் என்று தெரிந்து சேர்த்த கூட்டணி. 1987லேயே அந்த இசையை டோக்கியோவில் ஆர்கெஸ்ட்ராவை வைத்து வாசித்தார்கள், பல பிள்ளைகள் வாழ்க்கையில் முதல் தடவை வயலினை நேரில் கேட்டது அப்படித்தான் இருந்திருக்கும். இன்று கோஷியென் மைதானத்தில் உயர்நிலைப்பள்ளி பேஸ்பால் நடக்கும்போது பள்ளி பேண்ட் குழுக்கள் ட்ராகன் க்வெஸ்ட் இசையை முழங்குகின்றன. நம் ஊர் கோவில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் நடு இரவில் சினிமாப் பாட்டுக்கு மாறுவாரே, அந்த மாதிரி. யாரும் விளக்கம் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு.

கபுகி என்கிற மரபு மேடை நாடகத்தில் கூட வீடியோ கேம் வந்துவிட்டது. 2015ல் டோக்கென் ரான்பு என்று ஒரு இணைய விளையாட்டு வந்தது, பழைய புகழ்பெற்ற வாள்கள் எல்லாம் அழகான இளைஞர்களாக உருவெடுத்து வரும். கேட்கும்போது அபத்தமாக இருக்கும். ஆனால் அதற்கப்புறம் நடந்தது என்னவென்றால், வாள் கண்காட்சி பக்கமே எட்டிப் பார்க்காத இளம்பெண்கள் அருங்காட்சியகங்களில் வரிசையில் நின்றார்கள், எந்தக் கொல்லன் அடித்தது, எந்த நூற்றாண்டு என்று குறிப்பெடுத்தார்கள், உலகப் போருக்குப் பின் காணாமல் போன ஒரு வாளை மறுபடியும் அடித்துச் செய்வதற்குக் காசு திரட்டியபோது கேட்டதைவிடப் பல மடங்கு கொட்டிக் கொடுத்தார்கள். 2018 கடைசி நாள் இரவில், நாடே உட்கார்ந்து பார்க்கும் என்எச்கே தொலைக்காட்சியின் புத்தாண்டுப் பாட்டு நிகழ்ச்சியில் அந்தக் கேமின் நாடகக் குழு மேடை ஏறியது. 2023ல் ஷின்பாஷி என்புஜோ அரங்கில் கபுகி நாடகமாகவே போட்டார்கள். அதே வருடம் ஃபைனல் ஃபேன்டஸி பத்தாம் பாகமும் கபுகி ஆனது. மரபுக் கலை அழிகிறது, செல்போன் அழிக்கிறது என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். இங்கே செல்போனில் கிடந்த கூட்டத்தைக் கபுகிக்காரர்கள் போய் அழைத்து வந்தார்கள்.

போக்கிமானைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கடிதம் ஆகிவிடும், ஒன்று மட்டும். 1996ல் வந்த விளையாட்டு அது, சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்த நினைவிலிருந்து செய்தது, பிடித்ததை நண்பனோடு கம்பி இணைத்து மாற்றிக்கொள்வதுதான் அதன் உயிர். 1997 டிசம்பர் 16 மாலை அதன் கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமுமாக வேகமாகப் பளிச்சிட்ட ஒரு காட்சியைப் பார்த்து 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், வலிப்பும் மயக்கமுமாக மருத்துவமனைக்குப் போனார்கள். தடை செய்ய வேண்டும் என்றால் அன்றுதான் செய்திருக்க வேண்டும், அதைவிட வலுவான காரணம் யாருக்குக் கிடைக்கும்? தொடரை நான்கு மாதம் நிறுத்தினார்கள், காரணத்தைத் தேடினார்கள், திரை எவ்வளவு வேகத்தில் மின்னலாம், எந்த நிறங்கள் கூடாது என்று ஒளிபரப்புக்கு விதிமுறை எழுதினார்கள். அப்புறம் தொடர் திரும்பி வந்தது. இன்றும் இங்கே கார்ட்டூன் தொடங்கும்போது "அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து பாருங்கள்" என்று ஒரு வரி ஓடும். என் பையன் அதை வாய்ப்பாடு மாதிரி கூடவே சொல்லுவான், ஏன் வந்தது என்று அவனுக்குத் தெரியாது.

காசு விஷயத்தில் ஜப்பான் தலையிட்டிருக்கிறது, அதைக் கட்டுரையாளர் கவனிக்கவே இல்லை. செல்போன் கேம்களில் காச்சா என்று ஒன்று உண்டு, காசு கட்டி இழுத்தால் என்ன பொருள் விழும் என்று தெரியாது. அதிலும் ஒரு தொகுப்பு முழுவதையும் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்று ஒரு வகை வந்து, பிள்ளைகள் அப்பா அம்மாவின் கார்டில் லட்சக்கணக்கான யென்னைக் கரைத்தார்கள். 2012 மே மாதம் நுகர்வோர் விவகார முகமை இது பரிசுப் பொருள் சட்டத்துக்கு விரோதம் என்று சொன்னதும் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அந்த வகையைக் கைவிட்டன. சாதாரணக் காச்சா இன்றும் இருக்கிறது, அது போதாது என்பதுதான் என் கருத்து. ரயில் நிலையத்துக்கு நிலையம் பச்சிங்கோ கடையை வைத்துக்கொண்டு பெரியவர்கள் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வதும் எனக்கு எரிச்சல்தான்.

காசு வைத்து ஆடுவதையும் வெறுமனே விளையாடுவதையும் நம் ஊரில் ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம். 2022ல் சட்டசபை நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023ல் மறுபடியும் நிறைவேற்றிய சட்டம் ஆன்லைன் ரம்மி மாதிரி காசு வைத்து ஆடுவதற்காக வந்தது. எத்தனை குடும்பங்கள் அதில் போயின, அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் உங்கள் கட்டுரையில் ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவரும் மரியோ விளையாடும் எட்டு வயதுக் குழந்தையும் அடுத்தடுத்த பத்தியில் வருகிறார்கள், இடையில் ஒரு "இதேபோல்" மட்டும்தான். இரண்டும் ஒன்று இல்லை, ஆசிரியரே. ஒன்று சூதாட்டம். இன்னொன்றில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு, சினிமா மாதிரி.

உங்கள் நாளிதழில் வெள்ளிக்கிழமைதோறும் மூன்று சினிமா விமர்சனம் வருகிறது. புத்தகத்துக்கு ஒரு பக்கம் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறைய நேரத்தைக் கழிக்கும் ஒரு கலையைப் பற்றி விபத்து, தற்கொலை, தடை என்ற மூன்று தலைப்புகளில்தான் செய்தி வருகிறது. எது நல்ல கேம், எதை எந்த வயதில் ஆடலாம் என்று தமிழில் எழுத ஆளே இல்லாதபோது பெற்றோர் என்ன செய்வார்கள்? பிடுங்கி வைப்பார்கள், அதுதான் நடக்கிறது. மாதம் ஒரு அரைப் பக்கம் ஒதுக்குங்கள், நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

அதுவரைக்கும் ஜப்பானிலிருந்து யாராவது கேம் வாங்கி வந்தால் இதையாவது பாருங்கள். அட்டையின் கீழ் மூலையில் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும், 2002ல் தொடங்கிய செரோ என்ற அமைப்பு கொடுக்கும் வயதுக் குறி. ஏ என்றால் எல்லோருக்கும், பி 12 வயதுக்கு மேல், சி 15, டி 17, இஸட் என்றால் 18 வயது ஆனவர்களுக்கு மட்டும். மாமா ஆசையாகக் கொண்டுவந்தார் என்பதற்காக இஸட் போட்டதை ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நிஷி கசாய், டோக்கியோ